சுவிட்ச்சும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல

"புற்றுநோய்க் கட்டியைப் பட்டினி போட்டுக் கொல்லும் சுவிட்ச் கண்டுபிடிப்பு!"

இந்த மாதிரி ஒரு தலைப்பு வருஷத்துக்கு நாலு தடவையாவது கண்ணுல படுது. முதல்ல பேப்பர்ல வரும். அப்புறம் வாட்ஸப்ல வரும். அப்புறம் கழுத்துல ஸ்டெதாஸ்கோப் மாட்டின ஒருத்தர் யூட்யூப்ல வந்து கை ஆட்டி ஆட்டி விளக்குவார். எல்லாத்துலயும் ஒரே பாட்டுதான். கட்டி வளர ரத்தம் வேணும். ரத்தக்குழாய் வளர்றதை மைக்ரோ ஆர்என்ஏன்னு ஒரு குட்டி மூலக்கூறு கட்டுப்படுத்துது. அதை அணைச்சா கட்டி காலி. சுபம்.

இதுல முதல் ரெண்டு விஷயமும் உண்மை. நல்ல, அழகான, பல வருஷ உழைப்புல வந்த உண்மை. என் சண்டை மூணாவதோட. குறிப்பா 'சுவிட்ச்'ங்கிற அந்த ஒரு வார்த்தையோட. அது வெறும் எளிமைப்படுத்தல்னு விட்டுடலாம்னு நினைக்கறவங்க கடைசி வரைக்கும் படிங்க. அந்த வார்த்தையால வீடுகள்ல என்னென்ன முடிவு எடுக்கறாங்கன்னு தெரிஞ்சா அப்படி விட மாட்டீங்க.

(நான் டாக்டர் இல்லைங்க. பகல்ல கணக்கு எழுதற ஆளு. ராத்திரியில இதையெல்லாம் படிக்கற வியாதி உண்டு, அவ்வளவுதான்.)

சரி, கதைக்கு வருவோம்.

1971ல பாஸ்டன்ல ஜூடா ஃபோக்மேன்னு ஒரு அறுவை சிகிச்சை நிபுணர் ஒரு கட்டுரை எழுதினார். புதுசா ரத்தக்குழாய்களைத் தன் பக்கம் இழுத்துக்காத கட்டி ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல வளர முடியாது, அந்த இழுப்பைத் தடுத்தா கட்டி முடங்கிப் போகும்னார். அந்தக் காலத்துல நிறைய பேர் அவரை நக்கலடிச்சாங்க. 1989ல ரத்தக்குழாயை வளரச் சொல்லிக் கூப்பிடற வி.ஈ.ஜி.எஃப். புரதத்தை அடையாளம் கண்டப்புறம் நக்கல் அடங்கிடுச்சு. அடங்கினதோட நிக்காம அப்படியே எதிர்ப்பக்கம் போய் விழுந்துச்சு.

1998 மே மாசம் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்துல ஒரு செய்தி. ஃபோக்மேன் ஆய்வகத்துல எண்டோஸ்டாட்டின், ஆஞ்சியோஸ்டாட்டின்னு ரெண்டு மருந்து எலிகளோட கட்டியைக் கரைச்சிடுச்சுன்னு. அந்த மருந்துகளைத் தயாரிக்க உரிமை வச்சிருந்த கம்பெனியோட பங்கு விலை மறுநாளே பல மடங்கு எகிறிச்சு. மருந்து கேட்டு நோயாளிகள் ஃபோன் மேல ஃபோன். இத்தனைக்கும் ஃபோக்மேன் அதே செய்தியிலயே சொல்லியிருந்தார், நீங்க எலியா இருந்தா உங்க புற்றுநோயை நாங்க நல்லா பார்த்துக்குவோம்ங்கற அர்த்தத்துல. யாரு கேட்டா? அந்த ரெண்டு மருந்துக்கும் அமெரிக்காவுல கடைசி வரைக்கும் அனுமதி கிடைக்கல.

அனுமதி கிடைச்சது வேற ஒண்ணுக்கு. வி.ஈ.ஜி.எஃப்.ஐப் பிடிச்சு வைக்கற பெவாசிசுமாப், 2004 பிப்ரவரியில, பரவிப் போன பெருங்குடல் புற்றுநோய்க்கு. கீமோ மட்டும் எடுத்தவங்க சராசரியா 15.6 மாசம். கூட இந்த மருந்தையும் எடுத்தவங்க 20.3 மாசம். ('சராசரி'ன்னு பேச்சுக்குச் சொல்றேன். பாதிப் பேர் அதுக்கு மேல இருந்தாங்க, பாதிப் பேர் அதுக்குள்ள போயிட்டாங்கன்னு அர்த்தம்.) வித்தியாசம் 4.7 மாசம். முப்பது வருஷத்துக்கும் மேல உழைச்சு வந்த இந்த 4.7 மாசத்தை நான் கேலி பண்ணல. அதோட மதிப்பு அந்த நாலு மாசம் கிடைச்ச குடும்பத்துக்குத் தெரியும். ஆனா 1998 தலைப்பையும் இந்த எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. அதே மருந்துக்கு 2008ல மார்பகப் புற்றுநோய்க்கும் அவசர அனுமதி கொடுத்தாங்க. ஆயுள் கூடற மாதிரி தெரியல, பக்க விளைவு மட்டும் தெரியுதுன்னு 2011 நவம்பர்ல அந்த அனுமதியைத் திரும்ப வாங்கிட்டாங்க. இது எத்தனை பேப்பர்ல முதல் பக்கத்துல வந்துச்சுன்னு கேட்காதீங்க.

இப்ப மைக்ரோ ஆர்என்ஏ.

1993ல விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன்னு ரெண்டு பேர், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவை வச்சு ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தாங்க. புரதமே செய்யாத ஒரு துளியூண்டு ஆர்என்ஏ, மொத்தமே 22 எழுத்து, இன்னொரு மரபணுவோட வேலையைக் குறைக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. புழு சமாச்சாரம்னு உலகம் கண்டுக்கல. 2000ல அதே மாதிரி இன்னொண்ணு மனுஷன் வரைக்கும் பல விலங்குகள்ல இருக்குன்னு தெரிஞ்சப்புறம்தான் எல்லாரும் எழுந்து உட்கார்ந்தாங்க. 2024ல ரெண்டு பேருக்கும் மருத்துவ நோபல் பரிசு.

இது எப்படி வேலை செய்யுது? கல்யாண வீட்டுச் சமையல்கட்டை நினைச்சுக்குங்க. ஆபீஸ் அறையில (அதான் டிஎன்ஏ) இருக்கற பெரிய நோட்டுலேர்ந்து 'பாயசம் இருநூறு பேருக்கு'ன்னு சீட்டு எழுதி அடுப்படிக்கு அனுப்பறாங்க. அந்தச் சீட்டுதான் எம்ஆர்என்ஏ. அடுப்படி மூலையில ஒரு பெரிசு உட்கார்ந்திருக்கு. சீட்டைப் பார்த்துட்டு, "இருநூறெல்லாம் வேணாம், நூத்தம்பது போதும்"னு சொல்லும். சில சீட்டைக் கிழிச்சும் போடும். அந்தப் பெரிசுதான் மைக்ரோ ஆர்என்ஏ.

இதுல ரெண்டு சிக்கல். ஒரே பெரிசு பாயசச் சீட்டு, சாம்பார்ச் சீட்டு, பொரியல் சீட்டுன்னு நூத்துக்கணக்கான சீட்டுல மூக்கை நுழைக்கும். ரெண்டாவது, பாயசச் சீட்டு ஒண்ணுக்கே பல பெரிசுங்க கருத்து சொல்லும். நம்ம உடம்புல இப்படிப்பட்ட பெரிசுங்க கறாரா வடிகட்டினாலும் சில நூறு. நம்ம புரத மரபணுக்கள்ல பாதிக்கு மேல இவங்களோட கட்டுப்பாட்டுல இருக்குன்னு கணக்கு. இதுல ஒரு பெரிசை வெளிய அனுப்பிட்டா பாயசம் மட்டும்தான் மாறும்னு யாராவது சொன்னா நம்புவீங்களா? 'சுவிட்ச்'ங்கறவங்க அதைத்தான் நம்பச் சொல்றாங்க.

பொதுவா பேசாம ரெண்டே ரெண்டு உதாரணம் எடுத்துக்கலாம். (இதுங்களுக்குப் பேர் வைக்கறதுல கற்பனை வறட்சி, வெறும் நம்பர்தான்.)

முதல் உதாரணம் மிர்-126. ரத்தக்குழாயோட உள் சுவர்ல இருக்கற செல்கள்ல இது எக்கச்சக்கமா இருக்கும். 2008ல ரெண்டு ஆய்வகங்கள் இதைத் தனித்தனியா ஆராய்ஞ்சாங்க. எலியில இதை எடுத்துட்டா குழாய் கசியுது, ரத்தம் வெளியேறுது, குட்டிகள்ல ஒரு பகுதி வயித்துலயே செத்துப்போகுது. காரணம் இதுதான்: வி.ஈ.ஜி.எஃப். 'வளரு'ன்னு சொல்றப்ப அதுக்கு பிரேக் போடற புரதங்கள் உண்டு. மிர்-126 அந்த பிரேக்கைக் குறைச்சு வைக்குது. ஆக மிர்-126 ரத்தக்குழாயை வளர்க்கற ஆளு. அப்ப இதை அணைச்சா கட்டி பட்டினி கிடக்கும்தானே? தலைப்பு ரெடி!

கொஞ்சம் இருங்க. அதே 2008ல நியூயார்க்ல இன்னொரு குழு மார்பகப் புற்றுநோய் செல்களைப் பார்த்தாங்க. பரவற குணம் உள்ள செல்கள்ல மிர்-126 குறைஞ்சு போயிருந்தது. அதைத் திருப்பி உள்ளே வச்சா பரவுறது குறைஞ்சது. 2012ல இன்னும் தோண்டினப்ப, புற்றுச் செல்லுக்குள்ள இருக்கற மிர்-126, அந்தச் செல் ரத்தக்குழாய்ச் செல்களைத் தன் பக்கம் கூப்பிடறதையே தடுக்குதுன்னு தெரிஞ்சது. அதாவது அதே மூலக்கூறு, குழாய்ச் சுவருக்குள்ள இருந்தா குழாயை வளர்க்குது. புற்றுச் செல்லுக்குள்ள இருந்தா குழாய் வர்றதைத் தடுக்குது.

இப்ப சொல்லுங்க சாமி, உங்க சுவிட்ச்சை மேல தட்டணுமா, கீழே தட்டணுமா?

ரெண்டாவது உதாரணம் மிர்-17-92ன்னு ஒரு கூட்டம், ஆறு மைக்ரோ ஆர்என்ஏ சேர்ந்து ஒரே இடத்துலேர்ந்து வர்றது. புற்றுநோயைத் தூண்டற கோஷ்டின்னு இதுக்குப் பேர் கிடைச்சது 2005ல. 2006ல பெருங்குடல் செல்களை வச்சு, இந்தக் கூட்டம் ரத்தக்குழாயைத் தடுக்கற த்ராம்போஸ்பாண்டின்ங்கற புரதத்தைக் குறைச்சு, கட்டிக்கு ரத்தம் வர வழி பண்ணுதுன்னு காட்டினாங்க. சரி, வில்லன். ஆனா 2009ல ஃபிராங்ஃபர்ட் குழு, இதே கூட்டத்துல ஒருத்தரான மிர்-92ஏ ரத்தக்குழாய்ச் செல்லுக்குள்ள இருந்தா குழாய் வளர்றதைத் தடுக்குதுன்னு காட்டினாங்க. மாரடைப்பு வந்த எலியில அதை முடக்கினா புதுக் குழாய் வளர்ந்து இதயம் தேறுது. ஆக இதயத்துக்கு நல்லதுன்னு இதை முடக்கப் போனா, உடம்புல வேற எங்கயாவது ஒளிஞ்சிருக்கற கட்டிக்கு என்ன ஆகும்ங்கற கேள்வி வந்து நிக்கும். கேட்கத்தான் வேணும். கேட்கறவங்க ஆய்வகத்துல இருக்காங்க. தலைப்பு போடறவங்கதான் கேட்கறதில்லை.

இந்த முரண்பாடு எல்லாம் ஆராய்ச்சி தப்புன்னு காட்டல. இதுதான் ஆராய்ச்சியோட முடிவே! எந்தச் செல்லுல, எந்த நேரத்துல, எவ்வளவுங்கறதைப் பொறுத்து வேலை மாறுதுங்கறதுதான் கண்டுபிடிப்பு. அதைத் தூக்கிப் போட்டுட்டு 'சுவிட்ச்'னு எழுதினா, விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சதுக்கு நேர் எதிரா எழுதறீங்கன்னு அர்த்தம்.

அடுத்தது, யாரும் எழுதாத கதை.

மிர்-34ஏன்னு ஒண்ணு, புற்றுநோயைத் தடுக்கற பக்கம் நிக்கற ஆளுன்னு பேர் வாங்கினது. பல புற்றுநோய்கள்ல இது குறைஞ்சு போயிருக்கும். இதோட நகலைக் கொழுப்பு உருண்டைக்குள்ள அடைச்சு எம்ஆர்எக்ஸ்34ன்னு மருந்தா பண்ணி, 2013ல மனுஷங்ககிட்ட சோதனையை ஆரம்பிச்சாங்க. புற்றுநோய்க்கு மைக்ரோ ஆர்என்ஏ நகலை மனுஷனுக்குள்ள செலுத்தினது அதுதான் முதல் தடவை. ஆரம்பிச்சப்ப செய்தி ஓஹோன்னு வந்தது. மொத்தம் 85 பேர் சேர்ந்தாங்க. மூணு பேருக்குக் கட்டி ஓரளவு சுருங்கினது. இன்னும் 16 பேருக்குக் கொஞ்ச காலம் வளராம நின்னது. ஆனா நோய் எதிர்ப்பு மண்டலம் தாறுமாறா கிளம்பி நாலு பேர் இறந்து போனாங்க. 2016ல சோதனையை நிறுத்திட்டாங்க.

இதுல மோசடி எதுவும் இல்லை. முறைப்படி நடந்த சோதனை, முறைப்படி நிறுத்தி, முறைப்படி முடிவையும் வெளியிட்டாங்க. அந்த 85 பேரும் வேற வழி தீர்ந்து போன நிலைமையில, இனிமே வரப்போறவங்களுக்காவது உதவட்டும்னு கை நீட்டினவங்க. அவங்களுக்கு நாம காட்டற குறைஞ்சபட்ச மரியாதை என்ன? அந்த முடிவையும் சொல்றதுதானே? ஆரம்பிச்சதை எட்டு பத்தி எழுதின பேப்பர், முடிஞ்சதை எட்டாம் பக்கத்துல ஒரு மூலையிலயாவது போட்டுச்சா? இன்னிக்கு வரைக்கும் புற்றுநோய்க்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதிச்ச மைக்ரோ ஆர்என்ஏ மருந்து ஒண்ணு கூட இல்லைங்கற ஒரு வரியை, இந்தச் 'சுவிட்ச்' செய்திகள்ல எதுலயாவது பார்த்திருக்கீங்களா?

பேப்பர்காரங்களை மட்டும் குத்தம் சொல்லவும் முடியாது. ஆராய்ச்சி உலகத்துக்குள்ளயே ஒரு அசிங்கம் இருக்கு. 'இந்த நம்பர் மைக்ரோ ஆர்என்ஏ, இந்தப் புரதத்தைக் குறைச்சு, இந்தப் புற்றுநோய்ல ரத்தக்குழாயை வளர்க்குது'. இது ஒரு கோடிட்ட இடத்தை நிரப்புக. நம்பரை மாத்து, புரதத்தை மாத்து, உறுப்பை மாத்து, அடுத்த கட்டுரை தயார். காசு வாங்கிட்டுப் போலிக் கட்டுரை தயாரிச்சுக் கொடுக்கற தொழிற்சாலைகளுக்கு இந்த வாய்ப்பாடு ரொம்பப் பிடிக்கும். சிட்னியில ஜெனிஃபர் பைர்ன்னு ஒரு பேராசிரியை. அவங்க குழு 2022ல வெளியிட்டதுல, மனித மரபணு, ஆர்என்ஏ பத்தின கட்டுரைகள்ல 712ல மரபணு வரிசையே தப்பா இருந்தது. ஒரு மரபணுவைச் சோதிச்சோம்னு சொல்லிட்டு வேற எதுக்கோ உள்ள எழுத்துகளைக் கொடுத்திருந்தாங்க. எல்லாமே போலின்னு அவங்க சொல்லல, கவனக்குறைவும் இருக்கலாம். ஆனா அந்தக் கட்டுரைகளை மேற்கோள் காட்டி மேல மேல எழுதினவங்க ஏராளம். உங்க ஃபார்வர்டு எந்தக் கட்டுரைலேர்ந்து கிளம்பினதுன்னு யாருக்குத் தெரியும்?

"ஏம்பா, போகட்டும். நோயாளிக்கு ஒரு நம்பிக்கைதானே, அதுல என்ன தப்பு?"ன்னு ஒரு கேள்வி வரும். எப்பவும் வரும். அதுக்குத்தான் இந்தப் பதிவே.

என் சித்தப்பாவுக்குப் பெருங்குடல்ல புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவியிருந்தது. கீமோவோட பெவாசிசுமாப்பும் போடலாம்னு டாக்டர் சொன்னார். உடனே ஒரு சொந்தக்காரர் ஃபார்வர்டோட வந்துட்டார். "அதான் ரத்தத்தையே நிறுத்திடுமாமே, பட்டினியில கட்டி தானா சாகும். அப்புறம் எதுக்கு அந்தக் கீமோ கண்றாவி? இதை மட்டும் போடச் சொல்லுங்கண்ணே." கீமோவால வாய் முழுக்கப் புண்ணா இருந்த மனுஷனுக்கு இது எவ்வளவு இனிப்பா இருந்திருக்கும்! அடுத்தடுத்து ரெண்டு தடவை கீமோவுக்குப் போகல.

கட்டியோட ரத்தக்குழாய் ஒழுங்கான குழாயே இல்லை. கோணல்மாணலா, கசிஞ்சுக்கிட்டு, பாதி இடத்துல ரத்தம் ஓடாம நிக்கும். அதனால கீமோ மருந்தும் உள்ளே சரியா போய்ச் சேராது. வி.ஈ.ஜி.எஃப்.ஐக் குறைச்சா இந்தக் குழாய்கள் கொஞ்ச நாளைக்குச் சீராகி மருந்து உள்ளே போகுதுன்னு ராகேஷ் ஜெயின்னு ஒரு விஞ்ஞானி (நம்மூர் ஐ.ஐ.டி.யில படிச்சு பாஸ்டன் போனவர்) 2001ல ஒரு விளக்கம் சொன்னார். கீமோவோட சேர்த்தா இந்த மருந்து ஏன் வேலை செய்யுதுங்கறதுக்கு அது ஒரு முக்கியமான விளக்கம். அதாவது 'பட்டினி' கதையை நம்பிக் கீமோவை விட்டவர், அந்த மருந்து எதுக்குத் துணையோ அதையே விட்டுட்டார். டாக்டர் பொறுமையா படம் போட்டு விளக்கினப்புறம்தான் திரும்பப் போனார். அந்த ரெண்டு தடவையால என்ன நஷ்டம்னு யாராலயும் சொல்ல முடியாது. அவர் இப்ப இல்லை.

அன்னிக்கு அவர் டாக்டர்கிட்ட கேட்டது ஒரே கேள்வி. "தை மாசம் பொண்ணு கல்யாணம். தாங்குமா?" அவருக்கு வேண்டியிருந்தது ஒரு கணக்கு. எத்தனை மாசம், எவ்வளவு செலவு, என்ன பக்க விளைவு. பி.பி. ஏறும், ரத்தம் கசியலாம், புண் ஆற நாளாகும், அதனால பெரிய ஆபரேஷன் முடிஞ்சு குறைஞ்சது 28 நாள் போகணும்ங்கற மாதிரி விவரம். இதெல்லாம் தெரிஞ்சாத்தான் கல்யாணத்தை ஐப்பசிக்கு முன்னாடி இழுக்கலாமான்னு ஒரு அப்பா முடிவு பண்ண முடியும். 'சுவிட்ச்'னு சொன்னா அதை வச்சு என்ன பண்றது? அந்த மாதிரி நம்பிக்கை கொடுக்கறவங்க அவர்கிட்டேர்ந்து அந்த முடிவைத்தான் பிடுங்கறாங்க.

இந்த வரிசையில புதுசா சேர்ந்தவங்க மஞ்சள் மாத்திரை வியாபாரிகள். 'மஞ்சள் மைக்ரோ ஆர்என்ஏவை மாற்றிக் கட்டிக்கு ரத்தத்தை நிறுத்தும், ஆய்வு நிரூபித்தது'. ஆய்வு இருக்கு. ஆய்வகத் தட்டுல வளர்ற புற்றுச் செல்கள் மேல குர்குமினை ஊத்தினா சில மைக்ரோ ஆர்என்ஏ ஏறும், சிலது இறங்கும். நாம சாப்பிடற குர்குமின்ல பெரும்பகுதி ரத்தத்துலயே சேர்றதில்லைங்கறதையும் ஆய்வுதான் சொல்லுது. அதை டப்பா மேல போட மாட்டாங்க. மஞ்சளை ரசத்துல போடுங்க, அமோகமா இருக்கும். கீமோவுக்குப் பதிலா போடாதீங்க.

ஆகவே மக்களே, இனிமே இந்த மாதிரி செய்தி வந்தா நாலே நாலு கேள்வி கேளுங்க. ஒண்ணு, சோதிச்சது தட்டுல இருந்த செல்லையா, எலியையா, மனுஷனையா? ரெண்டு, அந்த மைக்ரோ ஆர்என்ஏ எந்தச் செல்லுக்குள்ள இருக்கறப்ப அப்படிப் பண்ணுது, கட்டியிலயா, குழாய்ச் சுவர்லயா? மூணு, மனுஷனுக்குக் கொடுத்திருந்தா, எதோட சேர்த்துக் கொடுத்தாங்க, எத்தனை மாசம் கூடிச்சு? நாலு, எத்தனை பேருக்கு என்ன கெடுதல் ஆச்சு? நாலுக்கும் பதில் இல்லாத செய்தி ஆராய்ச்சியாளர்களுக்குப் பயன்படலாம். சிகிச்சையில இருக்கறவருக்கு அதுல ஒண்ணும் இல்லை, அவர் கையில அதைக் கொடுக்காதீங்க.

மைக்ரோ ஆர்என்ஏ ஆராய்ச்சி நடக்கட்டும், நல்லாவே நடக்கட்டும். நாளைக்கு இதுலேர்ந்து ஒரு மருந்து வந்து 4.7 மாசத்தைப் பத்து வருஷமாக்கினா முதல் ஆளா நானே இங்க வந்து எழுதறேன், நாலு கேள்விக்கும் பதிலோட. அதுவரைக்கும் அந்த வார்த்தையைக் கரண்ட்டு ஆபீஸ்காரங்களுக்கே விட்டுடுங்க.

எதிர்க்கருத்து உள்ளவங்க பின்னூட்டத்துல வந்து தாராளமா அடிங்க. ஃபார்வர்டோட வராதீங்க, கட்டுரையோட வாங்க :-)